மெஷினை எண்ணி ஆர்டர் பிடித்தால்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குள் புது பையர், அதாவது ஆர்டர் கொடுக்கும் வியாபாரி, வந்தால், டீ வருவதற்குள் கேட்கும் கேள்வி: "மாசம் எத்தனை பீஸ் பண்ணுவீங்க?" நம்மவர்களும் மெஷின்களை மனதுக்குள் எண்ணி ஒரு தொகையைச் சொல்லிவிடுவார்கள். எந்த பீஸ் என்பது இரண்டு பக்கமும் பேசப்படாமலே போய்விடும். முதல் தவறு இதுதான், பெரிய தவறும் இதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 டெய்லர்கள், 8 மணி நேர ஷிப்ட். ஆளுக்கு 480 நிமிடம் என்றால் மொத்தம் 28,800 நிமிடம். அதில் பாதிதான் பீஸாக மாறும் என்று வைத்துக்கொள்வோம். நூல் அறும், பண்டல் வந்து சேராது, இரண்டு பேர் லீவு. மிஞ்சுவது 14,400 நிமிடம். சாதாரண ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டுக்கு 8 நிமிடம் பிடித்தால் ஒரு நாளைக்கு 1,800 பீஸ். அதே ஆட்களிடம் 16 நிமிடம் பிடிக்கும் போலோவைக் கொடுத்தால் 900. காலர், பிளாக்கெட் (பட்டன் வைக்கும் கழுத்துப் பட்டி), காஜா பட்டன் என்று ஒவ்வொன்றும் நேரத்தைத் தின்னும். ரவுண்ட் நெக் கணக்கில் போலோவுக்குத் தேதி கொடுத்தவர் ஆர்டர் பிடித்த அன்றே பாதி தோற்றுவிட்டார்.

நம் காம்பவுண்டுக்குள் இருப்பதை மட்டும் கணக்கில் வைப்பது அடுத்த தவறு. தையல் நம்முடையதாக இருக்கலாம். சாயம் பல கம்பெனிகளுக்கு வெளியே கூலிக்குக் கொடுத்து வாங்கும் ஜாப் ஒர்க்தான். சாயக்கழிவால் நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, தையல் மெஷின்கள் எல்லாம் இருந்த இடத்திலேயேதான் இருந்தன. போட்டுத் தைக்கச் சாயமேற்றிய துணிதான் இல்லை. சாதாரண நாளிலும் ஷேட் (நிறம்) ஒத்துவராமல் ஒரு லாட் துணி திரும்பப் போனால் அந்த நாட்களை யாரும் ஈடுகட்டித் தரப்போவதில்லை. தேதி சொல்லுமுன் சாயப்பட்டறைக்காரரிடம் ஒரு போன் பேசுவது பெரிய வேலையா என்ன? பலர் பேசுவதில்லை.

சாம்பிள் விஷயம் தனி. சாம்பிள் ரூமில் கம்பெனியிலேயே கைதேர்ந்த டெய்லர் ஒருவர் அரை நாள் உட்கார்ந்து ஒரு பீஸைச் செதுக்குவார். பையர் மயங்கி அப்ரூவல் கொடுப்பார். அந்தத் தையலை, ஆளுக்கொரு பகுதியாகத் தைக்கும் 60 பேர் கொண்ட லைனில் பத்தாயிரம் முறை எடுக்க முடியாது. சாம்பிளை லைனில் இருந்தே தைத்து அனுப்புங்கள் என்று சொன்னால் பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்குக் கோபம் வரும். வரட்டும்.

தரத்தில் இரண்டு பக்கமும் சறுக்குகிறோம். 5,000 பீஸ் லாட்டில் வழக்கமான ஆய்வு முறைப்படி 200 பீஸை எடுத்துப் பார்ப்பார்கள். எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்று பையர் வைக்கும் அளவுதான் ஏ.க்யூ.எல். அது 2.5 என்றால் 10 குறை வரை பாஸ், 1.5 என்றால் 7 வரைதான். எட்டாவது குறை வந்தால் ஃபெயில். ஒரே லாட், ஒரே துணி, பையர் மாறினால் தீர்ப்பும் மாறுகிறது. இதைப் பார்க்காமல் விலை பேசினால் கூடுதல் செக்கிங் கூலி நம் கையிலிருந்து போகும். மறுபக்கம், மலிவு விலைக் கடைக்குப் போகும் சரக்கை மூன்று தடவை செக்கிங் செய்து லாபத்தைக் கரைப்பவர்களும் உண்டு. அந்த பையர் அதற்குக் காசு தரப்போவதில்லை, கேட்கவுமில்லை.

இருபதாயிரம் பீஸ் ஒரே கலரில் கேட்பவருக்கும், ஆறு கலரில் 500 பீஸை மூன்று வாரத்தில் கேட்பவருக்கும் ஒரே லைன் சரிப்படாது. முன்னவருக்கு வேண்டியது விலை. லைன் நிற்காமல் ஓடினால்தான் அந்த விலை கட்டும். பின்னவருக்கு வேண்டியது வேகம். நூல் மாற்றி, செட்டிங் மாற்றி, டெய்லருக்குக் கை பழகுவதற்குள் அவர் ஆர்டரே முடிந்துவிடும். ஒரே ஆலை எல்லாவற்றிலும் சிறக்க முடியாது, சிலவற்றில் கவனத்தைக் குவிக்க வேண்டும் என்று ஹார்வர்டு பேராசிரியர் விக்காம் ஸ்கின்னர் 1974-லேயே எழுதினார். இரண்டு பையரும் வேண்டும் என்றால் பத்துப் பதினைந்து மெஷினைத் தனியே பிரித்து, எல்லா வேலையும் தெரிந்த டெய்லர்களை அங்கே உட்கார வையுங்கள். சின்ன ஆர்டருக்கு விலையும் கூட்டிக் கேளுங்கள். வேகம் வேண்டுபவர் பெரும்பாலும் தருவார்.

தேதி குறிக்கும்போது சுவரில் தொங்கும் காலண்டரையும் ஒரு தரம் பாருங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் மறுநாளே திரும்புவதில்லை. வடமாநிலத் தொழிலாளர்கள் ரயில் டிக்கெட் கிடைக்கிறபோதுதான் வருவார்கள். அந்த வாரத்தில் ஷிப்மென்ட் தேதி வைத்து, கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் அனுப்பினால் அந்தச் சரக்குக் கூலியும் பெரும்பாலும் நம் தலையில்தான் விழும்.