சனிக்கிழமைக் காலைச் சிறுவர் நிகழ்ச்சி: பாடம் நழுவும் இடங்கள்

அமெரிக்காவில் 1960களிலிருந்து பல பத்தாண்டுகள் சனிக்கிழமைக் காலை என்றால் கார்ட்டூன் நேரமாக இருந்தது. அதற்குள் பாடத்தையும் கொண்டுவரப் பார்த்த நிகழ்ச்சிகளில் பல தேறவில்லை. கோளாறு பெரும்பாலும் ஸ்கிரிப்டிலேயே தொடங்கிவிடுகிறது.

அடிக்கடி நடக்கும் தவறு, பாடத்தைக் கதையின் வாலில் ஒட்டுவது. 20 நிமிடம் துரத்தல். கடைசி 1 நிமிடம் நாயகன் கேமராவைப் பார்த்து அறிவுரை சொல்வான். குழந்தையின் கவனம் கதைச் சிக்கலில்தான் இருக்கும். அது அவிழ்ந்ததும் கவனமும் கலைந்துவிடும். சோதித்துப் பார்ப்பது எளிது: பாடப் பகுதியை அடித்துவிட்டு ஸ்கிரிப்டைப் படியுங்கள். கதை தடங்கலில்லாமல் ஓடினால் பாடம் வெளியே நிற்கிறது என்று பொருள். படகில் ஓட்டை, நிமிடத்துக்கு 3 லிட்டர் நீர் உள்ளே வருகிறது, கையில் இருப்பது 6 லிட்டர் வாளி என்று வையுங்கள். எத்தனை நிமிடத்துக்கு ஒரு வாளி இறைக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் கரை சேரலாம். இந்தக் கணக்கை வெட்டினால் கதையே இல்லை.

பாட்டிலும் இதே கதைதான். ஏபிசி தொலைக்காட்சி 1973-ல் தொடங்கிய 'ஸ்கூல்ஹவுஸ் ராக்' என்ற பாட்டுக் கார்ட்டூன் தொடர் இன்றும் நல்ல முன்மாதிரி. ராக் பாட்டு வரிகளெல்லாம் மனப்பாடமாக இருக்கும் தன் மகனுக்கு வாய்ப்பாடு மட்டும் ஏறவில்லையே என்று விளம்பரத் துறையைச் சேர்ந்த டேவிட் மெக்கால் கவனித்ததில் பிறந்தது அது. பாப் டோரோவின் மூன்றாம் வாய்ப்பாட்டுப் பாட்டு 3, 6, 9. 12, 15, 18. 21, 24, 27 என்று மும்மூன்றாக ஏறி 30-ல் இறங்கும். அங்கே தாளமே வாய்ப்பாடு. இதைப் பார்த்துச் செய்பவர்கள் பல்லவியில் 'படிப்போம், ஜெயிப்போம்' என்று வைத்துவிட்டுத் தகவலைச் சரணத்தில் புதைக்கிறார்கள். குழந்தையின் வாயில் நிற்பது பல்லவிதான்; சொல்ல வேண்டியதை அங்கேதான் வைக்க வேண்டும்.

எழுத்து திரையில் வரும்போது பக்கத்தில் பொம்மையை ஆட்டாதீர்கள். கண் அசைவதைத்தான் தேடும், எழுத்தை விட்டுவிடும். அந்த 2, 3 நொடி பொம்மை அசையாமல் நிற்கட்டும், அல்லது எழுத்தே அசையட்டும்.

பெரியவர்களுக்குப் போட்டுக்காட்டி, சிரித்தார்கள் என்று திருப்திப்படுவது இன்னொன்று. 'செசமி ஸ்ட்ரீட்' என்ற சிறுவர் கல்வி நிகழ்ச்சியின் ஆய்வாளர் எட்வர்ட் பால்மர் டிவிக்குப் பக்கத்தில் இன்னொரு திரை வைத்து, 7, 8 நொடிக்கு ஒருமுறை படம் மாற்றி, குழந்தையின் பார்வை எந்த இடத்தில் விலகுகிறது என்று குறித்தார். மனிதர்கள் மட்டும் பேசும் தெருக் காட்சிகளில் பார்வை விலகியது. அதன் பிறகுதான் அந்தத் தெருவுக்குப் பெரிய மஞ்சள் பறவை வந்தது. நீங்களும் இரண்டாவது திரை வைத்துப் பார்க்கலாம், செலவு அதிகமில்லை.

விதிகளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதும் ஆபத்து. நிலையங்கள் சிறுவர்களுக்குக் கல்வி நிகழ்ச்சி தர வேண்டும் என்று 1990-ல் சிறுவர் தொலைக்காட்சிச் சட்டம் வந்த புதிதில், எதிர்காலக் குடும்பம் ஒன்றைக் காட்டும் 'ஜெட்சன்ஸ்' கார்ட்டூன் 21-ம் நூற்றாண்டு வாழ்க்கையைக் கற்பிக்கிறது என்றுகூட நிலையங்கள் கணக்குக் காட்டின. 1996-ல் அமெரிக்க ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையமான எஃப்சிசி விதியை இறுக்கியது: வாரம் 3 மணி நேரம் கல்வி நிகழ்ச்சி, ஒவ்வொரு நிகழ்ச்சியும் குறைந்தது 30 நிமிடம், நிலையான நேரம். அந்த அளவுகோலில் 3 நிமிட வாய்ப்பாட்டுப் பாட்டு கணக்கிலேயே வராது, அது நியாயமாகப் படவில்லை. 2019 திருத்தம் குறுநிகழ்ச்சிகளுக்கு ஆண்டுக்கு 52 மணி நேரம்வரை இடம் கொடுத்தது.

சிறுவர் நிகழ்ச்சியில் வார இறுதி விளம்பரம் மணிக்கு 10.5 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. நிகழ்ச்சியின் பாத்திரமே அதன் இடைவேளையில் பொருள் விற்றால் முழு நிகழ்ச்சியும் விளம்பரமாக எண்ணப்படும். கதை எது, விளம்பரம் எது என்று சின்னக் குழந்தைக்குப் பிரித்தறியத் தெரியாது என்பதுதான் காரணம்.

அமெரிக்க மேற்குக் கரை நிலையங்கள் மறப்பது நேரலையில் வரும் அமெரிக்க ஃபுட்பாலை. கிழக்கே பகல் 12 மணிக்குத் தொடங்கும் கல்லூரி ஆட்டம் பசிபிக் நேரத்தில் காலை 9. இலையுதிர்காலம் முழுக்கச் சிறுவர் நிகழ்ச்சி தள்ளிப்போகும். மாற்று நேரம் ஒன்றை ஆகஸ்டிலேயே முடிவு செய்து, எல்லா வாரமும் அதையே வைத்து, முந்தைய வார எபிசோட் முடிவில் திரையில் காட்டிவிடுங்கள்.