வண்டல் மண் கைராசி ஆர்க்கிடிடம் பலிக்காது: டெல்டா வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாய்க்கால் ஓரத்தில் ஒரு முருங்கைப் போத்தை ஊன்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாலும் தழைத்துவிடும் ஊர் இது. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் கொல்லை வைத்திருப்பவர்களுக்குச் செடி வளர்ப்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தோடே ஆர்க்கிடைத் தொடும்போது வம்பு வருகிறது. வண்டல், தொழுவுரம், தினம் ஒரு சொம்புத் தண்ணீர் என மற்ற செடிகளை வாழவைக்கும் மூன்றும் இதைச் சாகடிக்கும்.

காரணம் வேரில் இருக்கிறது. கடையில் கிடைக்கும் கலப்பின ஆர்க்கிடுகளில் பெரும்பாலானவை மரக்கிளைகளில் ஒட்டி வாழும் இனங்களிலிருந்து வந்தவை. வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற ஓர் உறை இருக்கும். காய்ந்திருக்கும்போது அது வெள்ளிச் சாம்பல் நிறம். தண்ணீர் பட்டால் சற்று நேரத்தில் பச்சையாகும். நனைவது எவ்வளவு தேவையோ, பிறகு காற்றில் உலர்வதும் அவ்வளவு தேவை. களிமண்ணிலோ வண்டலிலோ புதைத்தால் காற்று நின்றுபோய் உறை அழுகும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நீளத் தண்டு விடும் டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் வகையில், வேர் அழுகினால் தண்டு சுருங்கி வரிவரியாகிவிடும். தண்ணீர் இல்லாமல் வாடும் செடியும் அதே மாதிரிதான் இருக்கும். பார்த்தவுடன் 'ஐயோ, காய்கிறதே' என்று இன்னும் ஒரு சொம்பு ஊற்றினால் மிச்சமிருக்கும் வேரும் போய்விடும். ஊற்றுவதற்கு முன் ஒரு வேரை விரலால் மெல்ல நசுக்கிப் பாருங்கள். நல்ல வேர் கெட்டியாக நிற்கும். அழுகிய வேரின் உறை கொழகொழவென்று வழன்று கையோடு வர, நடுவில் நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். அப்படியானால் உடனே தொட்டியிலிருந்து எடுத்து, அழுகியதையெல்லாம் வெட்டிவிட்டு, புதுக் கலவையில் வைத்து, புது வேர் கிளம்பும்வரை நிழலில் வைத்துத் தண்ணீரைக் குறைப்பதுதான் வழி.

கலவைக்கு அலைய வேண்டாம். அடுப்புக்கரி, உடைத்த செங்கல், பழைய ஓட்டுச் சில்லு எல்லாமே இங்கே கிடைக்கும். நெல்லிக்காய் அளவுக்கு உடைத்து, தூசு போகக் கழுவிக்கொள்ளுங்கள். கரியும் செங்கலும் சேர்ந்து மூன்று பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு ஒரு பங்கு போதும். தென்னை நிறைந்த ஊர் என்பதால் தொட்டி முழுக்க மட்டையையே அடைக்கிறவர்கள் உண்டு. கோடையில் அது நன்றாகத்தான் இருக்கும். ஐப்பசி மழையில் ஊறிய மட்டை வாரக்கணக்கில் உலராது. பச்சை மட்டையில் துவர்ப்புச் சாறும், கடலோர மட்டையில் உப்பும் இருப்பதால், மூன்று நாள் ஊறவைத்துத் தினமும் தண்ணீரை மாற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும். இரண்டு வருடத்தில் அது மக்கிக் கூழாகும். அதற்குள் கலவையை மாற்றிவிடுங்கள்.

பெரிய தொட்டி வாங்குவதும் தவறு. மூன்று நான்கு தண்டு உள்ள செடிக்கு, பக்கவாட்டில் ஓட்டை போட்ட நாலு அல்லது ஐந்து அங்குல மண்தொட்டி போதும். பழைய தண்டு விளிம்பை ஒட்டியும், புதுத் தளிர் நடுவை நோக்கியும் இருக்கட்டும். அடித்தண்டைப் புதைக்காமல் கலவையின் மேலேயே உட்காரவைத்து, ஒரு குச்சி நட்டு அசையாமல் கட்டுங்கள். கட்டாமல் விட்ட செடி ஆடிக்காற்றில் ஆட ஆட, புதிதாக வரும் பச்சை வேர்நுனிகள் கரியில் உரசி நின்றுவிடும். 'வைத்து ஆறு மாதமாகிறது, அப்படியே இருக்கிறது' என்ற புலம்பலுக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

எவ்வளவு ஊற்றுகிறோம் என்பது போலவே எதை ஊற்றுகிறோம் என்பதும் முக்கியம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. உள்பகுதியிலும் சில தெருக்களில் வாளியின் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். ஆர்க்கிடுக்கு டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. 'வீணாகிறதே' என்று ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுக் குழாயைச் செடிப்பக்கம் திருப்பிவிடுவது பெருந்தவறு. வந்த தண்ணீரின் உப்பெல்லாம் சேர்ந்து வெளியேறுவது அந்தக் குழாயில்தான். வேர்நுனி கருகுவதும், இலைநுனி பழுப்பாவதும், தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளை படிவதும் அதன் அடையாளங்கள். மழைநீரை மூடிய டிரம்மில் பிடித்து வைத்தால் நாலைந்து தொட்டிக்குப் பல வாரம் வரும்.

அளவுக்குக் கணக்கு இல்லை, பார்வைதான். வேர் வெள்ளியாக இருந்தால் ஊற்றுங்கள், பச்சையாக இருந்தால் விடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் கரிக்கலவைக்குத் தினமும், காற்று வறண்டால் இருவேளையும் தேவைப்படும். அடைமழை வாரத்தில் நான்கு நாள் தொடாமலே இருக்கலாம். ஊற்றுவது காலையில். மாலையில் ஊற்றினால் குருத்துக்குள் தேங்கிய நீர் இரவெல்லாம் நிற்கும். கடைகளில் பூவோடு விற்கும் ஃபெலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் வகை சாவது பல நேரம் அப்படித்தான்.

அந்த ஃபெலனாப்சிஸைப் பற்றி ஒரு வார்த்தை. பூவோடு பார்த்தால் வாங்காமல் வர மனசு வராது. ஆனால் அது பூந்தண்டு விட, சில வாரங்களாவது 25, 26 டிகிரிக்குக் கீழே குளுமை வேண்டும். நம் ஊரில் மார்கழி, தை இரவுகளில் அந்தக் குளுமை கிடைத்தாலும், பகல் மறுபடி ஏறிவிடும். வாங்கிய பூ இரண்டு மூன்று மாதம் நிற்கும், பிறகு வருடக்கணக்கில் இலை மட்டும் விடும். முதல் செடியாக வாங்குவதற்கு டென்ட்ரோபியம் கலப்பினங்களே சரி. ஊதா வெள்ளைப் பூவுடைய சோனியா வகை இந்த வெப்பத்தைத் தாங்கும். பளீரென்ற நீல ஆர்க்கிட் வேண்டவே வேண்டாம். அது பூந்தண்டில் சாயம் ஏற்றிய வெள்ளைப் பூ, அடுத்த முறை வெள்ளையாகத்தான் பூக்கும். பாக்கெட்டில் விற்கும் 'ஆர்க்கிட் விதை'யும் வேண்டாம். ஆர்க்கிட் விதை தூசு போன்றது, உள்ளே சேமித்த உணவே கிடையாது. ஆய்வுக்கூடத்தில் ஊட்டக் கலவையில் முளைக்க வைக்கும் பொருளைத் தொட்டியில் தூவிப் பயனில்லை.

மொட்டை மாடியில் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே டென்ட்ரோபியம் நன்றாக வரும். திண்ணை இருட்டில் வைத்தால் இலை கரும்பச்சையாகப் பளபளக்கும், பூ மட்டும் வராது. இளம்பச்சை இலைதான் நல்ல அறிகுறி. மேற்கு வெயில் நேராக விழுந்தால் கருகும். இலையில் திட்டு கண்டால் கருகலா அழுகலா என்று பார்க்க, திட்டின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். மறுநாள் கோட்டைத் தாண்டாமல் காய்ந்திருந்தால் வெயில் கருகல், இடத்தை மாற்றினால் போதும். தாண்டிப் பரவி, ஈரமாக இருந்தால் அழுகல். நல்ல பச்சைப் பகுதியில் ஒரு சென்டிமீட்டர் உள்வாங்கி வெட்டி எறிய வேண்டும். கத்தியை ஒவ்வொரு செடிக்கும் நெருப்பில் காட்டுங்கள், வைரஸ் கத்தி வழியாகத் தாவும், அதற்கு மருந்து இல்லை.

மழைக்கால அழுகலுக்குத் தென்னைக்கு அடிக்கும் போர்டோ கலவையையோ காப்பர் ஆக்ஸிகுளோரைடையோ எடுத்து அடித்துவிடாதீர்கள். தாமிரம் டென்ட்ரோபியத்தைச் சுடும். கருப்பு அழுகலுக்கு மெட்டலாக்சில், மேன்கோசெப் கலந்த மருந்து லிட்டருக்கு 2 கிராம் போதும். அதைவிட, ஐப்பசி பிறக்கும் முன்பே தொட்டிகளுக்கு மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் கட்டுவது உத்தமம். நிழல்வலை மழையைத் தடுக்காது.

தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரம், லிட்டருக்கு ஒரு கிராம், வாரம் ஒருமுறை. காய்ந்த வேரில் ஊற்றாமல் முதலில் நனைத்துவிட்டு ஊற்றுங்கள். மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரால் தொட்டியை நன்றாக அலசி உப்பை வெளியேற்றுங்கள். சாணமும் அரிசி களைந்த நீரும் கலவையின் இடுக்கை அடைத்து, எறும்பையும் நத்தையையும்தான் அழைத்து வரும்.

இலை உதிர்ந்த பழைய தண்டு அசிங்கமாக இருக்கிறது என்று வெட்டுகிறார்கள். பச்சையாக இருக்கும்வரை அது செடியின் தண்ணீர்க் குடம். அதன் நுனியிலிருந்தே மறுபடி பூவும் வரலாம். பழுப்பாகிக் காய்ந்தால் மட்டும் எடுங்கள். தண்டில் முளைக்கும் குட்டியைப் பிரிக்க, அதன் வேர் இரண்டு அங்குலம் வரட்டும்.

வீட்டுக்குள் வைத்த செடியில் மொட்டு பெருத்து, மஞ்சளாகி, பூக்காமலே உதிர்கிறதா? பூச்சி இல்லையென்றால் வீட்டுக்குள் சுற்றிப் பாருங்கள். பழுக்கட்டும் என்று கூடத்தில் தொங்கவிட்ட பூவன் தார் எத்திலீன் வாயுவை விடும்; சாம்பிராணிப் புகையிலும் அது உண்டு. தாரை வேறு அறைக்கு மாற்றுங்கள். வெள்ளிக்கிழமை தூபம் காட்டும்போது தொட்டியை வெளியே வையுங்கள்.