15 நாளில் காணாமல் போன எஸ்எம்பி 1: தற்காலிகமாக மீட்டு, நிரந்தரமாக வழியனுப்பும் முறை

மாதம் ஒருமுறை பேக்கப் எடுக்க மட்டும் நான் திறக்கும் பழைய நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி ஒன்று உண்டு. விண்டோஸ் 10-ஐப் புதிதாகப் போட்ட அன்று ஒழுங்காகத் திறந்தது. அடுத்த மாதம், எஸ்எம்பி 1 (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் பழைய முறை) தேவை, அது பாதுகாப்பில்லை என்று சொல்லி மறுத்துவிட்டது. கேபிளை மாற்றினேன், ரவுட்டரை அணைத்துப் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை.

எஸ்எம்பி 1-ஐ மைக்ரோசாஃப்ட் 2014-லேயே 'டெப்ரிகேட்டட்' என்று அறிவித்துவிட்டது. அதாவது வசதி ஓடும், ஆனால் அதற்கு இனி வளர்ச்சி கிடையாது, எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதே ஆண்டு வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பின் ஹோம், ப்ரோ வகைகளில் கிளையன்ட் பகுதி (பிற கருவிகளின் கோப்புகளைத் திறக்க உதவுவது) மட்டும் இருந்தது, நம் கோப்புகளைப் பிறருக்குத் தரும் சர்வர் பகுதி இல்லை. கணினி அணைந்திருந்த நேரம் போக, மொத்தம் 15 நாள் யாரும் பயன்படுத்தாவிட்டால் அது தன்னைத்தானே நீக்கிக்கொள்ளும். மாதம் ஒருமுறை எட்டிப்பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது போதாதா?

சரி, செய்ய வேண்டியது இதுதான்.

1. ரன் பெட்டியில் 'ஆப்ஷனல்ஃபீச்சர்ஸ்' என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக அடியுங்கள். செட்டிங்ஸில் தேடி அலைவதைவிட இந்தப் பழைய ஜன்னல்தான் எனக்குப் பிடிக்கும்.

2. எஸ்எம்பி 1.0 வரியின் பக்கத்திலுள்ள கூட்டல் குறியை அழுத்தி விரியுங்கள். நான் கோட்டை விட்டது இங்கேதான். மேல் வரியை டிக் செய்தால் உள்ளே இருக்கும் மூன்றும் சேர்ந்து விழும்: கிளையன்ட், சர்வர், கூடவே 'ஆட்டோமேட்டிக் ரிமூவல்'. அந்தக் கடைசி டிக்கைக் கவனிக்காமல் விட்டதால் சில வாரத்தில் பழைய கதை திரும்பியது. கிளையன்ட்டை மட்டும் டிக் செய்யுங்கள். சர்வர் வேண்டவே வேண்டாம்.

3. ரீஸ்டார்ட் செய்து, கோப்புகளை முதலில் வேறிடத்தில் நகலெடுங்கள்.

4. பெட்டியின் அமைப்பில் எஸ்எம்பி 2 இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதற்கு மாற்றிவிட்டு கிளையன்ட் டிக்கையும் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பெட்டியையே மாற்றுவதுதான் நல்லது. எஸ்எம்பி 2 விண்டோஸ் விஸ்டா காலத்திலேயே வந்துவிட்டது.

5. பெட்டியில் பகிரப்பட்ட கோப்புறையைத் திறந்து வைத்துக்கொண்டு, அட்மின் பவர்ஷெல்லில் 'கெட்-எஸ்எம்பிகனெக்‌ஷன்' கட்டளையை ஓட்டுங்கள். 'டயலெக்ட்' பத்தியில் 2 அல்லது 3-இல் தொடங்கும் எண் வந்தால் வேலை முடிந்தது.

அடுத்து இதே வழியில் போவது விபிஸ்கிரிப்ட், அதாவது விண்டோஸில் சிறு வேலைகளைத் தானாகச் செய்ய வைக்கும் பழைய ஸ்கிரிப்ட் மொழி. விண்டோஸ் 11-இன் 24எச்2-வில் அது விருப்ப வசதியாகிவிட்டது, 2027 வாக்கில் இயல்பாகவே அணைந்திருக்கும் என்பது திட்டம். பழைய ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்கள் அதுவரை காத்திருக்காமல், ஒரே ஒரு கணினியில் செட்டிங்ஸில் உள்ள ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதிக்குப் போய் அதை நீக்கிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். எது முறியும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

பின்சேர்க்கை: எஸ்எம்பி 1-ஐ எடுத்த பிறகு 'நெட்வொர்க்' பட்டியலில் பெட்டி தெரியவில்லை என்று சிலர் மறுபடி டிக் போட்டுவிட்டார்கள். அந்தப் பட்டியலைத் தயாரித்த பழைய 'கம்ப்யூட்டர் பிரவுசர்' சேவை (இணைய பிரவுசர் அல்ல) எஸ்எம்பி 1-ஐ நம்பி இருந்தது, அதனால்தான் பெயர் மறைகிறது. முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு, பெட்டியின் ஐபி எண்ணை அடித்தால் திறக்கும்.