பெருச்சாளி வளையை மூடுவதற்கு முன்: எங்கள் தோட்டத்தில் பலித்த முறை

போன ஐப்பசி மழையில் எங்கள் சென்னை நங்கநல்லூர் வீட்டுப் பின்புறம் ஒரு வாழைக்கன்று சாய்ந்து கிடந்தது. காற்று ஒன்றும் பலமாக அடிக்கவில்லை. தூக்கிப் பார்த்தால் அடிக்கிழங்கே இல்லை. அடுத்த வாரம் சேப்பங்கிழங்குப் பாத்தி போனது, அப்புறம் மரவள்ளி. பெருச்சாளியோடு நான்கு மாதம் போராடிய பிறகுதான் புது மண்மேடு வருவது நின்றது. எது பலித்ததோ, அதே வரிசையில் எழுதுகிறேன்.

1. வந்தது யார்?

நீண்ட மூக்கோடு சுவரோரமாகக் கீச்சிட்டு ஓடுவது மூஞ்சூறு. அது பூச்சி, கரப்பான் தின்னும். செடியைத் தொடாது, விட்டுவிடுங்கள். பெருச்சாளியின் வளைவாயில் கை முஷ்டி நுழையும். பக்கத்தில் தள்ளிய மண் குவிந்திருக்கும், பல நேரம் வாயே உதிரி மண்ணால் அடைபட்டிருக்கும். மடக்கினால் பன்றி போல உறுமும். ஆங்கிலத்தில் பேண்டிகூட் என்கிறார்களே, அது தெலுங்கின் ‘பந்திகொக்கு’விலிருந்து போன சொல்; பொருள் பன்றி எலி.

2. எந்த வளையில் நடமாட்டம்?

சாயங்காலம் எல்லா வளைகளையும் உதிரி மண்ணால் லேசாக மூடுங்கள். காலையில் எது திறந்திருக்கிறதோ அதில்தான் ஆள் இருக்கிறது. எங்கள் வீட்டில் பதினோரு வளை, திறந்தது மூன்றுதான். மூன்று நாள் தொடர்ந்து பார்த்துக் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். கையுறை கட்டாயம். எலிக்காய்ச்சல் கிருமி அதன் சிறுநீர் வழியாக ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் கலக்கிறது, காலில் சின்னப் புண் இருந்தாலே போதும். மழைக்காலத்தில் வெறுங்காலோடு தோட்டத்தில் இறங்காதீர்கள்.

3. சாப்பாட்டை நிறுத்துங்கள்

மூடி இல்லாத உரக்குழி, இரவில் வெளியே இருக்கும் நாய்த்தட்டு, குப்பைப் பை. இவை இருக்கும்வரை பொறியில் எதுவும் விழாது.

4. பொறி

நான் தடுக்கி விழுந்த இடம் இது. முதல் நாளே வளையைச் செங்கல்லும் சிமெண்டும் போட்டு அடைத்துவிட்டேன். உள்ளே இருந்தது பக்கவாட்டில் தோண்டிக்கொண்டு காம்பவுண்டு சுவரின் அடியில் புது வழி திறந்தது, சுவரில் விரிசல் விட்டது. குழாயை விட்டுத் தண்ணீர் நிரப்புவதும் அதே அளவு கெடுதல். அஸ்திவார மண் கரையும். அதனால் முதலில் பிடிக்க வேண்டும், அப்புறம்தான் மூட வேண்டும்.

சாதாரண எலிப்பொறி போதாது. கனமான கம்பியில் செய்த பெரிய கூண்டு வாங்குங்கள். பாரிமுனைப் பக்கம் ஹார்ட்வேர் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். பசை அட்டையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஓணானும் தையல்சிட்டும் ஒட்டிக்கொண்டு துடிக்கும், பெரிய பெருச்சாளி பிய்த்துக்கொண்டு போய்விடும்.

முதல் இரண்டு வாரம் என் கூண்டு காலியாகவே இருந்தது. பக்கத்து மனையில் வேலைக்கு வந்திருந்த, செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, “புதுசா எது வச்சாலும் அதுக்குச் சந்தேகம் சார். கதவைக் கட்டிப்போட்டுட்டு மூணு நாள் சும்மா தீனி போடுங்க” என்றார். அப்படியே செய்தேன். வளையிலிருந்து இரண்டடி தள்ளி, சுவரை ஒட்டி, மேலே கோணிப்பை போர்த்தி வைத்தேன். மூன்று ராத்திரி தேங்காய்ச் சில்லும் கருவாடும் காணாமல் போயின. நான்காம் ராத்திரி கதவுக் கயிற்றை அவிழ்த்தேன், விடிகாலையில் உறுமல் கேட்டது. ஒன்பது நாளில் நான்கு பிடித்தோம். பெரியவரே எடுத்துப் போனார். அடுத்த தெருவில் கொண்டுபோய் விடாதீர்கள், அந்தத் தெருவிலும் தோட்டம் இருக்கிறது.

விஷம் வேண்டவே வேண்டாம். தின்று தள்ளாடும் எலியைப் பிடிக்கும் கூகையும் பூனையும் சாகும். நச்சுப்புகை வரும் மாத்திரைகளை வீட்டு ஓரத்து வளையில் போடவே கூடாது. 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியில் இரண்டு குழந்தைகள் இறந்ததை மறக்க முடியவில்லை.

5. வலை

இரண்டு நாள் எந்த வளையும் திறக்கவில்லை என்றால் உடைந்த ஓடு, செங்கல் ஜல்லி போட்டு இடித்து, சிமெண்டுக் கலவையால் மூடுங்கள். அடுத்து வலை. கோழி வலை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். நம் ஊர் உப்பு ஈரத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும், மெல்லிய கம்பியை அது கடித்தும் விடும். அரை அங்குலக் கண்ணுள்ள ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வெல்டு மெஷ் கேளுங்கள்.

சுவரோரம் இரண்டடி ஆழம் பள்ளம் தோண்டி வலையை நிறுத்தி, அடிப்பகுதி ஓர் அடியை ‘ட’ எழுத்தின் கீழ்க்கோடு போல மடக்குங்கள். பெருச்சாளி எந்தத் திசையிலிருந்து வருகிறதோ, மடிப்பு அந்தத் திசையைப் பார்க்க வேண்டும். சுவரின் அந்தப் பக்கம் காலிமனை என்றால், அங்கே இறங்கிப் போடுவதுதான் சரி. அது சுவரை ஒட்டித்தான் கீழே தோண்டும். மடிப்பில் முட்டினால் பின்னால் தள்ளிப் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது. நான் முதலில் நேராக மட்டும் நிறுத்தினேன், பத்தே நாளில் கீழே புகுந்து வந்தது.

பின்சேர்க்கை: மேடவாக்கத்திலிருந்து எழுதிய வாசகர் ஒருவர், மூடிய மண் மூன்று நாளும் கலையவில்லை, ஆனால் வாயருகே பாம்புச் சட்டை கிடக்கிறது என்றார். பழைய எலிவளையில் சாரையும் நல்ல பாம்பும் தங்கும். கையையோ குச்சியையோ விடாதீர்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள், இல்லையென்றால் 101-ல் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய வீடுகளில் இருப்பவர்கள் இரண்டாம் படியைத் தொடங்கும்போதே டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.