வாட் டியூட்டி ரோஸ்டரை கூகுள் ஷீட்ஸில் போடுவது எப்படி?

காசு கட்டி வாங்கும் ரோஸ்டர் (யாருக்கு எப்போது டியூட்டி என்ற அட்டவணை) செயலிகள் நிறைய உண்டு. 14 தாதியர் உள்ள ஒரு ஆஸ்பத்திரி வாட்டுக்கு அவை வேண்டியதில்லை. இலவச கூகுள் ஷீட்ஸ் போதும். எடுத்துக்காட்டாக, காலை 7–1 நால்வர் (கா), மாலை 1–7 மூவர் (மா), இரவு 7–7 இருவர் (இ), மாதம் 30 நாள் என்று வைப்போம்.

கணினியைத் திறக்கமுன் கணக்கைப் பாருங்கள். ஒரு நாளுக்கு 24+18+24 = 66 மணித்தியாலம்; மாதத்துக்கு 1980; ஆளுக்கு ஏறத்தாழ 141. இரவு டியூட்டி மொத்தம் 60. பத்துப் பேருக்கு நான்கு, மீதி நால்வருக்கு ஐந்து. அந்த ஐந்தாவது இரவு யார் தலையில் விழுகிறது என்பதில்தான் வாட்டில் முறுகல் தொடங்கும். அந்த நால்வரையும் குறித்து வைத்து, அடுத்த மாதம் வேறு ஆட்களுக்குக் கொடுங்கள்.

படி 1: கட்டம் போடுதல்
முதல் நிரையில் (குறுக்கு வரிசை) திகதி, இரண்டாவதில் கிழமை. ஏ நிரலில் (மேலிருந்து கீழ் வரிசை), 3ஆம் நிரை முதல் 16ஆம் நிரை வரை பெயர்கள். பி நிரலில் சென்ற மாதத்தின் கடைசி நாள் டியூட்டி. புதிதாகப் போடுவோர் இதைத்தான் விட்டுவிடுவார்கள். மாதக் கடைசி இரவு நின்றவருக்கு 1ஆம் திகதி காலையிலும் டியூட்டி விழுவது அதனால்தான். சி முதல் ஏஜி வரை நாள்கள்; 31 நாள் மாதத்துக்கும் போதும். பெயர்களை யூனிகோட்டில் தட்டுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டினால் மற்றவரின் போனில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும்.

படி 2: குறிகளைப் பூட்டுதல்
சி3 முதல் ஏஜி16 வரை தெரிவுசெய்து, டேட்டா மெனுவில் டேட்டா வலிடேஷன் போய், டிராப்டவுனில் கா, மா, இ, ஓ (ஓய்வு), லீ (லீவு) என ஐந்தையும் கொடுங்கள். கையால் தட்டவிட்டால் ‘இ’க்குப் பின்னால் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எண்ணிக்கையில் சேராது. வேறு இடத்திலிருந்து கொப்பி பண்ணி ஒட்டும்போது ‘வேல்யூஸ் ஒன்லி’ என்று ஒட்டுங்கள், இல்லாவிட்டால் டிராப்டவுன் அழியும்.

படி 3: எண்ணவும் எச்சரிக்கவும்
சார்பின் (ஃபங்ஷன்) பெயரையும் நிரல் எழுத்தையும் ஆங்கிலத்தில் தட்டவேண்டும். இங்கே ஒலிப்பை மட்டும் தருகிறோம். ஒருவரின் இரவுகள்: =கவுண்ட்இஃப்(சி3:ஏஜி3,"இ"). அன்றைய இரவுக்கு எத்தனை பேர்: 18ஆம் நிரையில் =கவுண்ட்இஃப்(சி3:சி16,"இ"). புதிய ஆள் வந்தால் நிரையை நடுவில் செருகுங்கள், கடைசிப் பெயருக்குக் கீழே சேர்த்தால் அவர் எண்ணிக்கைக்குள் வராமல் போகலாம்.

இரவு முடித்தவருக்கு அன்றே காலையோ மாலையோ போட்டால் சிவக்க, சி3:ஏஜி16க்கு கண்டிஷனல் ஃபோர்மட்டிங்கில் கஸ்டம் ஃபோர்முலா: =ஆண்ட்(பி3="இ",ஓர்(சி3="கா",சி3="மா")). டொலர் குறி எங்கும் வேண்டாம். போட்டால் எல்லாக் கலமும் ஒரே இடத்தையே பார்க்கும். இந்த விதி நிறத்தை மட்டுமே மாற்றும், தடுக்காது.

படி 4: நிரப்பும் வரிசை
முதலில் லீவு, பிறகு இரவு, அடுத்து மாலை, கடைசியில் காலை. காலையில் தொடங்கினால் மாதக் கடைசியில் இரவுக்கு ஆள் தேடி எல்லாவற்றையும் அழிக்க நேரும். நல்லூர்க் கோயில் தேர், தீர்த்த நாள்களுக்கு லீவு குவியும்; கேட்பதற்கு ஒரு கடைசித் திகதி வையுங்கள். நெடுந்தீவிலிருந்து வருபவருக்கு, குறிகட்டுவான் படகு நேரம் பார்க்காமல் காலை 7 மணி டியூட்டி போடாதீர்கள்.

படி 5: பகிர்தல்
திருத்தும் உரிமை வாட் பொறுப்பு சிஸ்டருக்கும் இன்னொருவருக்கும் மட்டும். மற்றவர்களுக்குப் பார்வை இணைப்பு. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால், மாற்றம் வந்த பிறகும் பழைய படமே சுற்றும். படம்தான் வேண்டுமென்றால் மூலையில் திகதியும் நேரமும் போடுங்கள். யார் எப்போது மாற்றினார் என்ற சச்சரவு வந்தால் ஃபைல் மெனுவில் வேர்ஷன் ஹிஸ்டரி இருக்கிறது. லீவுக்கான நோய்க் காரணத்தை மட்டும் ஷீட்டில் எழுதவேண்டாம், ‘லீ’ போதும்.