மதிரான் வைனும் உணவும்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிஸில் நான் வேலை செய்யும் உணவகத்தில், பரிமாறும் பணிக்குப் புதிதாக வரும் இளைஞர்களுக்கு வைன் பற்றிச் சொல்லிக்கொடுப்பது சில ஆண்டுகளாக என் பொறுப்பாக இருக்கிறது. மதிரான் போத்தலுக்கு எந்த உணவு பொருந்தும் என்று கேட்ட வாடிக்கையாளரிடம், "இது கடுமையான வைன், ஆகவே காரமான உணவைத்தான் எடுக்க வேண்டும்" என்று ஒரு தம்பி அண்மையில் உறுதியாகச் சொன்னார். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் சொன்ன அதே சொற்கள். தக்கையை உடைப்பது, குவளையைத் தளும்ப ஊற்றுவது போன்ற பிழைகள் ஒரு வாரத்தில் தாமே திருந்திவிடும் என்பதால் அவற்றை இங்கே பேசப்போவதில்லை.

காரத்தைத் துணை சேர்ப்பது

மதிரான் என்பது பிரான்சின் தென்மேற்கில், பிரனீஸ் மலைகளுக்கு வடக்கே உள்ள ஒரு சிற்றூர். அதைச் சூழ்ந்த தோட்டங்களின் சிவப்பு வைனுக்கு 1948 முதல் அந்தப் பெயரைச் சட்டம் காத்துவருகிறது. அதன் முதன்மைத் திராட்சை தனா; தோலிலும் விதையிலும் டானின் மிகுந்த இனம். அந்த டானின் நாக்கில் தருவதை நாம் துவர்ப்பு என்று ஆறு சுவைகளுள் ஒன்றாகவே எண்ணி வைத்திருக்கிறோம். ஆகவே மதிரானின் கடுமை துவர்ப்பின் கடுமை. அதற்கும் காரத்துக்கும் எந்த உறவும் இல்லை.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் மலிவானதன்று. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஒரு நாள் சம்பளத்துக்கு மேல் செலவிட்டு இரண்டு மதிரான் போத்தல்களை வாங்கி, நண்பர்களை அறைக்கு அழைத்து, செத்தல் மிளகாயைக் குறைக்காமல் ஆட்டிறைச்சிக் கறி சமைத்தேன். முதல் மிடறிலேயே அனைவர் முகமும் பச்சைப் பாக்கைக் கடித்தது போலச் சுருங்கியது. மிளகாயின் எரிவை உணரும் நரம்பு முனைகளையே மதுசாரமும் தூண்டுவதால் வாய் இருமடங்கு எரிந்தது. எரிந்த வாயில் துவர்ப்பும் கூடுதலாக உறைத்தது. ஒருவர் எழுந்து சென்று தன் குவளையில் கோலாவை ஊற்றிக் கலந்தார். அதை இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. அவர்மீது அல்ல, என்மீதுதான்.

மறுநாள், மிஞ்சியிருந்த அரைப் போத்தலை உணவகத்துக்குக் கொண்டுபோனேன். தென்மேற்குக்காரரான எங்கள் சமையல்காரர் ஒன்றும் பேசாமல், உப்பிட்டு வைத்துத் தன் கொழுப்பிலேயே மெல்ல வெந்த வாத்துக் கால் ஒன்றைத் தட்டில் வைத்தார். அதே வைன் அந்த இறைச்சியோடு பட்டுப்போல இறங்கியது. டானின் நம் உமிழ்நீரின் புரதத்தைப் பற்றிக்கொள்வதால்தான் வாய் வறள்கிறது. தட்டில் புரதமும் கொழுப்பும் உப்பும் போதிய அளவு இருந்தால் அதன் பிடி தளர்கிறது. அந்தப் பகுதியினர் மதிரானோடு வாத்து, ஆட்டுக்குட்டி இறைச்சி, வெள்ளை அவரையும் இறைச்சியும் சேர்ந்து நெடுநேரம் வேகும் கசுலே ஆகியவற்றை உண்பதன் காரணம் இதுவே. அருகிலுள்ள பாஸ்க் நாட்டின் எஸ்பலெத் மிளகாயைக் காட்டி என்னோடு வாதிடுவோர் உண்டு. அது மணத்துக்கான மிளகாய். நம் செத்தல் மிளகாயோடு ஒப்பிட்டால் அதைக் காரம் என்றே சொல்ல முடியாது.

தக்கையை எடுத்தால் போதும் என்று எண்ணுவது

இளம் மதிரானின் முரடு தணிய அதில் காற்றுப் பட வேண்டும். ஆனால் போத்தலின் கழுத்தில் காற்றுப் படும் பரப்பு ஒரு நாணயத்தின் அளவுகூட இருக்காது. மூன்று நான்கு ஆண்டுகளே ஆன மதிரானை அகன்ற குடுவைக்கு மாற்றி, இரண்டு மணி நேரமாவது வைக்க வேண்டும். தனாவின் முரட்டுத்தனத்தைத் தணிப்பதற்காகவே, பத்ரிக் துகூர்னோ என்ற மதிரான் உற்பத்தியாளர் 1990களின் தொடக்கத்தில், தொட்டியிலுள்ள வைனுக்குள் ஆக்சிஜனைச் சிறுகச் சிறுகச் செலுத்தும் முறையை உருவாக்கினார். காற்றின் தேவையை அவ்வளவு நன்றாக அறிந்த ஊர் அது. பதினைந்து ஆண்டு கடந்த போத்தலுக்கு இந்த விதி பொருந்தாது. அதை அடிமண்டி கலங்காமல் சாய்த்து, உடனே பரிமாறிவிடலாம்.

அறை வெப்பம்

சிவப்பு வைனை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்பார்கள். பழைய கல்வீடுகளின் குளிர்ந்த அறையை மனத்தில் கொண்டு சொன்ன சொல் அது. 17 பாகைக்கு மேல் போகவிடாதீர்கள்.

மீன்

கூடாது.

எல்லாப் பாலாடைக்கட்டிக்கும் சிவப்பு வைன்

பிரனீஸ் மலைச் செம்மறியாட்டுப் பாலில் செய்யும் ஓசோ-இராட்டி போன்ற கெட்டியான கட்டியோடு மதிரான் நன்றாக ஒத்துப்போகும். ஆனால் நீலப் பூசணம் ஓடிய ரொக்ஃபோரை வாடிக்கையாளர் கேட்டுவிட்டால், குவளையை மாற்றி, மதிரான் விளையும் அதே மண்ணின் இனிப்பு வெள்ளை வைனான பாஷரானை ஊற்றுங்கள்.