கிணற்று நீச்சலிலிருந்து ஸ்கூபாவுக்கு: வேலூர்ப் பக்கத்தார் பழக வேண்டியவை

வட ஆற்காட்டுக் கிராமங்களில் நீச்சல் பழகியவர்கள் பெரும்பாலும் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு பம்புசெட் கிணற்றில் இறங்கியவர்கள்தாம். தம் கட்டி அடிவரை சென்று ஒரு பிடி சேற்றை அள்ளிவருபவரே அங்கே தேர்ந்த நீச்சல்காரர். புதுச்சேரிக்கோ அந்தமானுக்கோ சென்று ஸ்கூபா (முதுகில் சுமக்கும் சிலிண்டரின் காற்றைச் சுவாசித்தபடி கடலில் மூழ்குவது) பழக விரும்பும் நம் பக்கத்தாருக்கு அந்தத் துணிச்சல் உதவும். தம் கட்டும் பழக்கமோ உயிருக்கே உலை வைக்கும்.

கிணற்றில் முங்குபவர் மேலே இழுத்த மூச்சோடு இறங்குகிறார். அழுத்தத்தால் சுருங்கும் அந்தக் காற்று, அவர் மேலே வரும்போது பழைய அளவுக்குத்தான் விரிகிறது. ஸ்கூபாவிலோ, அந்தந்த ஆழத்தின் அழுத்தத்துக்கு ஈடாக வரும் காற்றை அங்கேயே சுவாசிக்கிறோம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு என்பதால், அங்கே நுரையீரலில் நிரம்பிய 4 லிட்டர் காற்று மேற்பரப்பில் 8 லிட்டராகும். மூச்சை அடக்கியபடி எழுந்தால் நுரையீரல் கிழியக்கூடும். நீச்சல்குளத்தின் ஆழத்திலிருந்து எழும்போதும் இது நேரலாம்.

ஆகவே முதல் பயிற்சி மூச்சுதான். அதற்குக் கடல் வேண்டியதில்லை. நீச்சல்குளத்தில் மார்பளவு நீரில், பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு, கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க் இல்லாமல், நீருக்கு மேலே நீளும் சுவாசக் குழாயான ஸ்நார்க்கெலை மட்டும் வாயில் கவ்வி முகத்தை நீருக்குள் வையுங்கள். மூக்கில் நீர் ஏறியதும் தொண்டை அடைத்துக்கொள்ளும், தலை தானாக நிமிரும். வாயால் மட்டும் மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விட்டு, அந்தப் பதற்றம் அடங்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கடலடியில் மாஸ்க்குக்குள் நீர் புகுந்தால் ஒருவரை மூச்சடக்கி மேலே பாயவைப்பது இந்தப் பதற்றமே என்பதால், இதற்குச் செலவிடும் மாலைகள் வீணாவதில்லை.

அடுத்துப் பழக வேண்டியவை மூன்று. மாஸ்க்கின் மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்தி, அண்ணாந்து, மூக்கால் ஊதி நீரை வெளியேற்றுவது. சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவியான ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவினால், அதை, சிறு குமிழ்களாக மூச்சை விட்டுக்கொண்டே, வலக்கையைப் பின்னே வீசித் துழாவி எடுப்பது. உடன் இறங்கியவரின் மாற்று ரெகுலேட்டரில் சுவாசிப்பது. இவற்றை மண்டியிட்டபடி ஒருமுறை செய்துகாட்டியதோடு நிறைவடையாதீர்கள். ஏறாமலும் இறங்காமலும் நீரில் மிதந்தபடியே செய்ய வரும்வரை பயிற்சியாளரிடம் கேட்டுப் பழகுங்கள். சான்றிதழ் பெற்றபின் நீண்ட இடைவெளி விழுந்தால், ஆழத்துக்குப் போகுமுன் மறுபடியும் குளத்திலிருந்தே தொடங்குவது நல்லது.

சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று பலர் நினைக்கிறார்கள்; வழக்கமாக அது அழுத்தி நிரப்பிய சாதாரணக் காற்றுதான். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் இருந்தால் ஏறத்தாழ 2,400 லிட்டர் காற்று. அவசரத்துக்கு 50 பார் ஒதுக்கினால் மீதி 1,800 லிட்டர். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு அது 10 மீட்டரில் 45 நிமிடம் வரும், 20 மீட்டரில் 30 நிமிடமே வரும். பதற்றத்தில் இழுக்கும் மூச்சுக்கு இந்தக் கணக்கு நிற்காது என்பதால் சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்டும் மானியை அடிக்கடி பாருங்கள்.

காதைப் பொறுத்தவரை, வலி வருமுன்பே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிச் சமன்செய்ய வேண்டும். வலித்தால் சற்று மேலேற வேண்டும். சளி பிடித்திருந்தால், படகுக்குப் பணம் கட்டியிருந்தாலும் இறங்கக் கூடாது. ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் தகுதிச் சான்று பெறுவது கட்டாயம்.

ஏறும்போது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நில்லுங்கள். அதன் பிறகும், ஆழத்தில் சுவாசித்த காற்றிலிருந்து உடலில் கரைந்த நைட்ரஜன் முழுவதும் வெளியேறியிருக்காது. சமவெளியிலுள்ள வேலூருக்குத் தரைவழியாகத் திரும்புவதில் சிக்கல் இல்லை; ஆனால் வந்த கையோடு குடும்பத்துடன் ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ கிளம்பிவிடாதீர்கள். ஏலகிரி 1,000 மீட்டருக்கு மேல் இருப்பதால், குறைந்த காற்றழுத்தத்தில் அந்த நைட்ரஜன் குமிழ்களாகலாம். விமானப் பயணத்துக்குரிய இடைவெளியையே மலைக்கும் கடைப்பிடியுங்கள்: ஒரே ஒரு முறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை என்றால் 18 மணி நேரம்.

வீடு திரும்பியபின், அந்தக் குமிழ்களால் வரக்கூடிய மூட்டுவலி, கைகால் மரத்துப்போதல், தலைச்சுற்றல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் பயண அலுப்பு என்று படுத்துவிடாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கடலில் மூழ்கிய நாள், நேரம், ஆழம் ஆகியவற்றை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லி, ஆழத்தையும் நேரத்தையும் பதிவுசெய்யும் டைவ் கம்ப்யூட்டரையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.